வண்டி நம்பரை மட்டும் விற்க முடியுமா?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிற வக்கீல் நான். வண்டி விற்றவர்கள் என்னைத் தேடி வருவது பெரும்பாலும் காரியம் கெட்ட பிறகுதான். ஒரு கேள்வியை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுகிறார்கள்: "சார், வண்டி ஓட்டை வண்டிதான், ஆனா நம்பர் ராசியான நம்பர். நம்பரை மட்டும் நல்ல விலைக்குக் கேக்குறாங்க. கொடுத்துடலாமா?"

முடியாது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு எண் வண்டிக்கு ஒதுக்கப்படுவது, ஆளுக்கு அல்ல. ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிதழில் அந்த எண் ஒரு சேஸிஸ் எண்ணோடும் ஒரு இன்ஜின் எண்ணோடும் சேர்ந்தே இருக்கும். கூட்டுத்தொகை ஒன்பது வர வேண்டும், எட்டு வரவே கூடாது என்று பார்த்துப் பார்த்து, கூடுதல் கட்டணம் கட்டி வாங்கிய ஃபேன்சி நம்பரானாலும் இதே கதைதான். நீங்கள் கட்டிய பணம் அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்ததற்கு. அது உங்கள் சொத்தாகிவிடவில்லை. பழைய வண்டியின் எண்ணைத் தன் பெயரிலேயே உள்ள புது வண்டிக்கு மாற்றிக்கொள்ள சில மாநிலங்களில் வழி உண்டு. அதை விற்பனை என்று யாராவது விளக்கினால் நம்பாதீர்கள்.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அதிராம்பட்டினத்திலும் கூத்தாநல்லூரிலும் துபாய் போகாத குடும்பம் குறைவு. அங்கே 2023 ஏப்ரலில் பி 7 என்ற நம்பர் பிளேட் ஐந்தரை கோடி திர்ஹாமுக்கு ஏலம் போனது. காரை விற்றாலும் நம்பரைத் தன்னிடமே வைத்துக்கொள்ள அங்கே முடியும். இங்கிலாந்தில் டி.வி.எல்.ஏ. என்ற அரசு அமைப்பே 1989 முதல் எண்களை ஏலம் விட்டுவருகிறது. காரிலிருந்து எண்ணைப் பிரித்துத் தனியே வைத்துக்கொள்ள 80 பவுண்டு கட்டினால் வி778 என்ற ஆவணம் வரும். பத்து ஆண்டு செல்லும். பிள்ளை லண்டனில் இருந்தால் அவரிடம் இரண்டே விஷயம் சொல்லுங்கள். எண்ணைப் பிரித்து எடுத்த பிறகுதான் காரை விற்க வேண்டும். இல்லையென்றால் எண்ணும் காரோடு போய்விடும். அந்த ஆவணத்தைப் போட்டோ எடுத்து விளம்பரத்தில் போடக் கூடாது. அதில் இருக்கும் குறிப்பு எண்ணை வைத்து வேறொருவர் எண்ணைத் தட்டிக்கொண்டு போக முடியும்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சட்டத்தில் வழி இல்லாததால் இங்கே புரோக்கர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். முத்திரைப் பத்திரத்தில் "இந்த எண்ணின் மீதான சகல பாத்தியதைகளையும் விட்டுக்கொடுக்கிறேன்" என்று நிலக்கிரயம் மாதிரி எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள். படிக்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் அதற்கு மதிப்பே கிடையாது. வாங்கியவர் அந்த எண்ணைத் தன் புது காரில் மாட்டினால் அது பதிவு இல்லாத வண்டி ஓட்டியதாகவும், போலி எண் மாட்டியதாகவும் ஆகும். 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு வருகிற உயர் பாதுகாப்பு பிளேட்டில் லேசரில் பொறித்த தனி எண் இருக்கிறது, கழற்றினால் மறுபடி மாட்ட முடியாத பூட்டும் இருக்கிறது. பிடிபடுவது எளிது. பிடிபட்டால் போலீஸ் முதலில் கதவைத் தட்டுவது ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் வீட்டில்தான்.

இதைவிட அதிகம் நடப்பது இன்னொன்று. நம்பருக்காக வண்டியையே மொத்தமாக வாங்குவார்கள். அது சட்டப்படி சரிதான். நான் சொல்லும் ஒரே நேர்வழியும் அதுதான். ஆனால் பெயர் மாற்ற மாட்டார்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வெற்றுக் கையெழுத்து வாங்கி டேஷ்போர்டில் போட்டுவைத்து, "நல்ல பார்ட்டி வந்தா அவர் பேருக்கே மாத்திக்கலாம்ணே" என்பார்கள். திருவாரூர் பக்கம் ஒருவர் அப்படித்தான் குட்டியானை என்கிற ஒரு சின்ன சரக்கு வண்டியைக் கொடுத்தார். அது மூன்று கை மாறி, அறுவடை நேரத்தில் கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றிப் போகும்போது சைக்கிளில் வந்தவர்மேல் மோதியது. இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்தது. ஓட்டியவர் யார் என்றுகூட வண்டியை விற்றவருக்குத் தெரியாது. இழப்பீட்டு வழக்கில் எதிர்மனுதாரராக நின்றவர் அவர்தான்.

"நான்தான் வித்துட்டேனே" என்று சொன்னால் கோர்ட் கேட்காது. 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே. விபத்தில் அடிபட்டவர் கடைசியாக வாங்கியவர் யார் என்று தேடி ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை என்பது அதில் உள்ள நியாயம். அடிபட்டவர் பக்கமும் வாதாடுகிறவன் என்ற முறையில் எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஆகவே ஃபேன்சி நம்பர் வண்டியை விற்பதென்றால் அவசரமே படாதீர்கள். விலையை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிக் கேளுங்கள், அது உங்கள் சாமர்த்தியம். ஆனால் மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் அறிவிக்க வேண்டும், 30 நாளுக்குள் வாங்கியவர் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் 50-ஆம் பிரிவு சொல்கிறது. என் பழக்கம் என்னவென்றால், பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்த ரசீதைப் பார்க்கும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள் என்பேன். கடன் இருந்தால் டியூ முடித்து, ஆர்.சி.யில் உள்ள எச்.பி. என்கிற கடன் பதிவை நீக்குங்கள். இன்சூரன்ஸில் சேர்ந்திருக்கும் நோ க்ளெய்ம் போனஸை, அதாவது க்ளெய்ம் கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடியை, மறக்காதீர்கள். அது வண்டியோடு போகாது, உங்களோடு வரும், புது வண்டிக்குப் பயன்படும். நம்பருக்காக அடித்துக்கொள்கிற நம்ம ஆட்கள் கையில் இருக்கும் இந்த உரிமையைக் கேட்டு வாங்குவதே இல்லை.

டெல்டாக்காரர்கள் கவனிக்க வேண்டியது காரைக்கால். நாகப்பட்டினத்திலிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனால் புதுச்சேரி யூனியன் பிரதேசம். நாகப்பட்டினத்தின் டி.என். 51 எண்ணுக்கு ஆசைப்பட்டு ஒரு காரைக்கால்காரர் அதிக விலை கொடுத்து வாங்கி, வண்டியை அங்கேயே வைத்து ஓட்டினால் 12 மாதத்துக்குமேல் பழைய எண்ணில் ஓட்ட முடியாது, காரைக்காலின் பி.ஒய். 02-வில் புது எண் வாங்க வேண்டும். ஆசைப்பட்ட நம்பர் போச்சு. விற்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பிறகு "ஏமாத்திட்டீங்க" என்று பஞ்சாயத்துக்கு வருவார். தஞ்சாவூர் டி.என். 49 வண்டி கும்பகோணத்துக்கோ மயிலாடுதுறைக்கோ போனால் இந்தச் சிக்கல் இல்லை, எண் அப்படியே இருக்கும்.

அப்பா ஓட்டிய வண்டி, அவர் ஞாபகமாக நம்பர் வேண்டும் என்று வருகிறவர்களுக்கு மட்டும் என்னால் நல்ல பதில் சொல்ல முடிகிறது. வண்டியை விற்காமல் வாரிசு பெயருக்கு மாற்றினால் எண் குடும்பத்திலேயே இருக்கும். இறந்த 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் விண்ணப்பிக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழ் தாலுகா ஆபீஸிலிருந்து வரத் தாமதமாகும், அதற்கு முதலில் மனுப்போடுங்கள். ஆர்.சி.யில் நாமினி பெயர் சேர்க்க 2021 முதல் வழி இருக்கிறது. அப்பா இருக்கும்போதே சேர்த்துவிட்டால் இந்த அலைச்சல் பாதியாகக் குறையும்.