மல்டி எல்என்பி: ஒரே வட்டிலில் இரண்டு வாய்

ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுக்கோட்டையிலிருந்து வாட்ஸ்அப் அழைப்பு. அக்கா மகன் மொட்டை மாடியில் நின்றுகொண்டு கேமராவை டிஷ் பக்கம் திருப்பினான். 90 செண்டிமீட்டர் தட்டு. அதன் கையில் குறுக்காக ஓர் அலுமினியப் பட்டை. பட்டையில் ஒன்றுக்கு இரண்டாக வெள்ளை மூக்குகள், அதாவது அலையை வாங்கும் எல்என்பிகள். ஒரே டிஷ்ஷில் இரண்டு சாட்டிலைட்டுகளைப் பிடிக்க இந்த ஏற்பாடு. "மாமா, மல்டி எல்என்பி போட்டுட்டேன். இதுக்குத் தமிழ்ல என்ன சொல்லணும்?" சிங்கப்பூர் ஈசூனில் காப்பிக் குவளையோடு உட்கார்ந்திருந்த எனக்கு, நாள் முழுக்க மொழிபெயர்ப்பிலேயே கிடந்தும், சட்டென்று ஒன்றும் வரவில்லை.

வராததற்கு ஒரு சாக்கு வைத்திருக்கிறேன். சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் வீட்டில் டிஷ் வைக்க முடியாது. வீவக எனும் அரசு அடுக்குமாடி வீடுகளில் முதலில் கேபிள் வந்தது, பிறகு இணையம் வந்தது, டிஷ்ஷுக்கு இடமே வரவில்லை. ஜோகூர் பாலத்தைத் தாண்டி மலேசியாவுக்குப் போனால்தான் கூரைக்குக் கூரை அதைப் பார்க்கிறோம். பொருள் புழங்காத ஊரில் அதன் சொல் எங்கே புழங்கும்?

எல்என்பி என்ற அந்த மூன்று எழுத்தின் முழு வடிவம் 'லோ நாய்ஸ் பிளாக் டவுன்கன்வெர்ட்டர்'. கடைத்தெருவில் வால் அறுந்து 'எல்என்பி' ஆகிவிட்டது. அறுந்துபோன வாலில்தான் வேலையே இருக்கிறது. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அலை, வந்து சேரும்போது மிக மிக மெலிந்திருக்கும். வீட்டு டிஷ்களில் பெரும்பாலும் புழங்கும் 'கேயு பட்டை' என்ற அதிர்வெண் வரம்பு 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரை. இவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணைச் சாதாரணக் கேபிளில் விட்டால், மாடியிலிருந்து கூடத்துக்கு இறங்குவதற்குள் செத்துவிடும். அதனால் அந்த வெள்ளை மூக்கு அங்கேயே அலையைப் பெருக்கி, அதிர்வெண்ணை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்குள் இறக்கி, பிறகுதான் கேபிளில் விடுகிறது.

'நாய்ஸ்' என்பதை இரைச்சல் என்று பெயர்ப்பது வழக்கம். எனக்கும் உடன்பாடுதான். ஆனால் இங்கே காதில் விழும் இரைச்சல் எதுவும் இல்லை. எந்த மின்பொருளும், வெறுமனே சூடாக இருப்பதாலேயே, சின்னச் சின்ன ஒழுங்கற்ற மின்னலைகளை உண்டாக்கும். அவற்றைத்தான் பொறியாளர்கள் இரைச்சல் என்கிறார்கள். பழைய தொலைக்காட்சியில் "புள்ளி புள்ளியா வருது" என்று ஏரியலைத் திருப்பச் சொல்வோமே, அது கண்ணுக்குத் தெரிந்த இரைச்சல். மெலிந்த அலையைப் பெருக்குகிற கருவியே தன் இரைச்சலையும் கொட்டினால் எது அலை, எது குப்பை என்று பிரிக்க முடியாது. 'லோ நாய்ஸ்' என்ற உறுதிமொழி அதற்காக. அதைக் 'குறை இரைச்சல்' என்று எழுதினால் இரைச்சலில் ஏதோ குறை என்று படிக்கிறார்கள். 'இரைச்சல் குறைந்த' என்று நேராகவே சொல்லலாம்.

'பிளாக்'தான் வம்பு பிடித்தது. ஒரு கையேட்டில் அதைத் 'தடுப்பு' என்று மொழிபெயர்த்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். இரைச்சலைத் தடுக்கும் கருவி என்று எண்ணிவிட்டார்கள் போல. இங்கே பிளாக் என்றால் அதிர்வெண்களின் ஒரு முழுக்கட்டு. ஒவ்வோர் ஒளிவழியாக (சேனலாக) இறக்காமல் கட்டோடு இறக்குவதால் அந்தப் பெயர். அதைத் 'தொகுதி' என்று எழுதிப் பார்த்தேன். சிங்கப்பூரில் தொகுதி என்றதும் தேர்தல் நினைவு வருகிறது. 'புளோக்' என்றே விட்டால் அடுக்குமாடிக் கட்டடம் என்று எண்ணி, லிஃப்ட் எந்த மாடியில் நிற்கும் என்று கேட்பார்கள். அந்தத் துண்டை விட்டுவிடலாம் என்பதே என் முடிவு. கட்டோடு இறக்குவது கருவியின் உள்விவகாரம். அது பெயரில் இருந்தே தீர வேண்டுமா?

ஆக மிஞ்சுவது 'இறக்கி'. பனையிலிருந்து கள் இறக்குகிறோம், லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறோம், இணையத்திலிருந்து பதிவிறக்குகிறோம். மேலே இருப்பதைப் பதமாகக் கீழே கொண்டுவருவதற்குத் தமிழில் இதைவிட இயல்பான வினை இல்லை. எல்என்பிக்கு 'அலையிறக்கி' என்பது என் சொல்.

இனி அது உட்கார்ந்திருக்கும் தட்டு. 'டிஷ்' என்ற சொல்லின் பாட்டன் கிரேக்க 'டிஸ்கோஸ்', அதாவது எறிவட்டு. அது லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குள் போய்ச் சாப்பாட்டுத் தட்டாகி, அங்கிருந்து கூரை ஏறியது. மலாய்க்காரர்களும் 'பிரிங் சத்தெலிட்' என்கிறார்கள். பிரிங் என்றால் அவர்களுக்கும் தட்டுதான். தமிழில் 'தட்டு' போதாதா என்றால், போதும். ஆனால் 'வட்டில்' எனக்கு இன்னும் பிடிக்கிறது. உண்கலத்தின் பெயரை ஒரு கருவிக்குக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. நேரம் அளக்கும் துளைக்கிண்ணத்துக்கு 'நாழிகை வட்டில்' என்று பெயர் வைத்தவர்கள் நாம். அன்று வட்டிலில் நீர் ஏறியது, இன்று அலை விழுகிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

எந்தக் கோளத்தின் அலை என்பதிலும் தமிழுக்கு ஊருக்கொரு பெயர். தமிழ்நாட்டில் செயற்கைக்கோள், இலங்கையில் செய்மதி, நம் ஊர்ச் செய்திகளில் துணைக்கோளம். 'சாட்டிலைட்' லத்தீனில் மெய்க்காவலன், உடன் செல்பவன் என்ற பொருளில் இருந்த சொல். வியாழனின் நிலவுகளுக்கு அந்தப் பெயரை 1611-இல் சூட்டியவர் வானியலாளர் கெப்ளர். வேர்ப்பொருளுக்கு நெருக்கமாக நிற்பது நம் துணைக்கோளமே. ஊர்ப்பாசம் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

பொறியாளர்கள் இந்த அமைப்பை 'மல்டி ஃபீட்' என்றும் சொல்வார்கள். ஃபீட் என்றால் ஊட்டு. அலையை அனுப்பும் நிலையத்தில், கொம்பு போன்ற ஒரு பாகம் தட்டுக்கு அலையை ஊட்டும், தட்டு அதை வானத்தை நோக்கி வீசும். அந்த வகையில் பெயர் சரி. ஆனால் வீட்டு மாடியில் எல்லாம் தலைகீழ். தட்டுதான் வானத்திலிருந்து வாங்கிக் கொம்புக்கு ஊட்டுகிறது. அப்படியும் 'ஃபீட்' என்ற பெயர் மட்டும் மாறவில்லை. அதை அப்படியே பெயர்த்துப் 'பல்லூட்டி' என்றால் விபரீதம். 'ல்' போய் ஒரு துணைக்கால் வந்துவிட்டால் 'பாலூட்டி' ஆகி, ஆடு மாடு வரிசையில் சேர்ந்துவிடும். பிழையில்லாமல் படித்தாலோ பல் மருத்துவமனை நினைவு வருகிறது. வீட்டுக் கோணத்திலிருந்து பார்த்தால் எல்என்பி ஒரு வாய். வட்டிலில் விழுவதை அது உண்கிறது. இரண்டு எல்என்பி என்றால் ஒரே வட்டிலில் இரண்டு வாய்.

'மல்டி' என்பதற்குப் 'பல்' என்று ஒட்டுகிற பழக்கமும் எனக்கு ஒப்பவில்லை. பல்லுயிர், பன்னாடு போன்ற இடங்களில் எண்ண முடியாத பன்மை இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் இரண்டோ மூன்றோ தொங்கும்போது எண்ணிச் சொல்வதுதான் தமிழ் வழக்கு: இரட்டை மாட்டு வண்டி, இரட்டை நாயனம், மூன்று சக்கர வண்டி. அதே தடத்தில் 'இரட்டை அலையிறக்கி வட்டில்'. மூன்று பூட்டினால் 'மூன்று அலையிறக்கி வட்டில்'. இரண்டு கேபிளையும் சேர்த்து ஒன்றாக்கும் சிறு பெட்டிக்குக் கடைக்காரர்கள் வாயில் 'டைசெக்' என்று பெயர். செட்டாப் பெட்டி 22 கிலோஹெர்ட்ஸ் துடிப்பில் அனுப்பும் ஆணையைக் கேட்டு எந்த வாயைத் திறப்பது என்று முடிவு செய்கிற முறைக்கு ஐரோப்பாவின் யூடெல்சாட் நிறுவனம் வைத்த சுருக்கப்பெயர் அது. பெயர்ச்சொல்லாகவே ஆகிவிட்டதால் அதை விட்டுவிட்டேன்.

இதையெல்லாம் சுருக்கி மருமகனுக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது. பின்னாலேயே, "மாமா, ஜிசாட்-15 நல்லா வருது. 83-ல இருக்கிற ஜிசாட்-30 தான் வர மாட்டேங்குது. இப்ப 8 செண்டி தள்ளி வச்சிருக்கேன். எந்தப் பக்கம் நகத்தணும்?"

ஜிசாட் என்பவை இந்தியத் துணைக்கோளங்கள். ஜிசாட்-15 இருப்பது கிழக்கு நெடுங்கோடு 93.5 பாகையில், ஜிசாட்-30 இருப்பது அதற்கு மேற்கே 83-ல். அவன் வட்டில் ஜிசாட்-15-ஐத்தான் நேராகப் பார்க்கிறது. இரண்டுக்கும் இடையே 10.5 பாகை. அடுப்படியிலிருந்து குழிக்கரண்டி ஒன்றைத் துடைத்து எடுத்துக்கொண்டு சன்னலுக்குப் போனேன். எதிர் புளோக் நடைபாதையில் இரண்டு விளக்குகள் அணைக்காமல் கிடந்தன. கரண்டியின் குழியில் இரண்டும் இரண்டு ஒளிப்பொட்டாகத் தெரிந்தன, ஆனால் இடம் மாறி. இடப்பக்கத்து விளக்கின் பொட்டு வலப்பக்கம். வட்டிலும் அப்படித்தான். மேற்கே உள்ள கோளத்தின் அலை நடுக்குவியத்துக்குக் கிழக்கே வந்து குவியும். நடுவிலிருந்து விலக விலகக் குவிப்பு மங்கும், அதனால் பலவீனமான கோளத்தை நடுவில் வைப்பது நல்லது. 90 செண்டிமீட்டர் வட்டிலில் ஒரு பாகைக்குக் கிட்டத்தட்ட ஒரு செண்டிமீட்டர்.

"எந்தப் பக்கம் வச்சிருக்கே?"

"மேற்கால, மாமா. சாட்டிலைட் அங்கதானே இருக்கு."

"கழட்டிக் கிழக்கால வை. பத்து செண்டியில ஆரம்பி, நூல் நூலா நகத்து."