3 நாளில் அக்செப்டன்ஸா? பணம் கட்டும் முன்...

கிண்டி, சேப்பாக்கம், தரமணி என்று ஆராய்ச்சி மாணவர்கள் புழங்கும் இடமெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரே செய்தி: "ஸ்கோபஸ் ஜர்னல், 3 நாளில் அக்செப்டன்ஸ்." அதாவது, ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் உள்ள இதழ், கட்டுரையை 3 நாளில் ஏற்றுக்கொள்ளுமாம். துறை அறிந்த இருவர் கட்டுரையைப் படித்துக் குறை சொல்லவே வாரக்கணக்கில் ஆகும். 3 நாள் என்றால் யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

முன்பு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) ஏற்ற இதழ்களின் கேர் பட்டியலைப் பார்த்தால் போதும் என்றிருந்தது. 2025 பிப்ரவரியில் அது கைவிடப்பட்டதாக அறிவிப்பு வந்துவிட்டது. இப்போது இதழ் நல்லதா என்று பார்க்கும் வேலை கைடு தலையிலும் மாணவர் தலையிலும்.

முதலில் ஐ.எஸ்.எஸ்.என்., அதாவது இதழின் அடையாள எண். மொத்தம் 8 இலக்கம். கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து பிறப்பது. 0378-5955 என்ற எண்ணை எடுங்கள். முதல் ஏழு இலக்கங்களை வரிசையாக 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 160. அதை 11ஆல் வகுத்தால் மீதி 6. 11இல் 6 போக 5. கடைசி இலக்கமும் 5. (10 வந்தால் எக்ஸ் என்றும் 11 வந்தால் 0 என்றும் போடுவார்கள்.) கணக்கு இடித்தால் எண் போலி.

கணக்கு சரியாக வந்தாலும் நம்பிவிட முடியாது. நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே எடுத்து, வேறு முகவரியில் கடை விரிக்கும் நகல் தளங்கள் உண்டு. அதனால் வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைத் தொடவே வேண்டாம். ஐ.எஸ்.எஸ்.என். போர்ட்டலில் எண்ணைத் தேடி, பெயரும் பதிப்பாளரும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஸ்கோபஸ் பட்டியலில் எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். நீக்கப்பட்ட பிறகும் பழைய முத்திரையை மாட்டி வைத்திருப்பார்கள். கடைசியாக வந்த இதழில் 3 கட்டுரைகளின் டி.ஓ.ஐ. எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரும் நிரந்தர இணைய அடையாளம்) டி.ஓ.ஐ. தளத்தில் இட்டுப் பாருங்கள். அதே கட்டுரை திறக்க வேண்டும்.

தனிநபர் ஜிபே எண்ணுக்குக் கட்டணம் கேட்டால் மேலே பேச ஒன்றுமில்லை. கட்டணமே வாங்காத நல்ல இதழ்களும் இருக்கின்றன, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ்களைப் பட்டியலிடும் டி.ஓ.ஏ.ஜே. தளத்தில் அவற்றை மட்டும் வடிகட்டித் தேடலாம்.

பணம் போனால்கூடப் போகட்டும், கட்டுரை மாட்டிக்கொள்வதுதான் பெரிய நஷ்டம். காப்பிரைட் படிவத்தில் கையெழுத்து வாங்கியபின், திரும்பப் பெறவும் தொகை கேட்பார்கள். அங்கே வெளியானதை வேறு இதழுக்கு அனுப்பினால் இரட்டைப் பிரசுரக் குற்றச்சாட்டு வரும். சந்தேகம் வந்த அன்றே, கையெழுத்துக்கு முன், "திரும்பப் பெறுகிறேன்" என்று மின்னஞ்சல் அனுப்பி நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்று: ஆய்வேட்டுக்கு முன் பேப்பர் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022 விதிகளில் எடுத்துவிட்டது. பல்கலைக்கழகம் தனி விதி வைத்திருக்கலாம். அதை வாங்கிப் படித்துவிட்டு அவசரப்படுங்கள்.