வினைமிகு நைட்ரஜன் மூலக்கூறுகள்: சொல் விளக்கம்

செல்களில் உருவாகி எளிதில் வினைபுரியும் நைட்ரஜன் சேர்மங்களைக் குறிக்கும் 'ரியாக்டிவ் நைட்ரஜன் ஸ்பீசிஸ்' என்ற தொடரைத் தமிழாக்கும்போது, நைட்ரஜன் என்ற சொல் பெரிய சிக்கலைத் தருவதில்லை. காற்றில் உள்ள நைட்ரஜன் எதனோடும் எளிதில் சேராது. அதன் இரண்டு அணுக்களை ஒரு முப்பிணைப்பு இறுக்கிப் பிடித்திருக்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியேயின் குழுவினர் அதற்கு உயிரற்றது என்ற பொருளில் 'அசோட்' என்று பெயரிட்டார்கள். பிரெஞ்சு மொழியில் இன்றும் அதுதான் பெயர். 1790-இல் ஷாப்தால் வைத்த 'நைட்ரஜன்' என்ற பெயருக்கு வெடியுப்பைத் தோற்றுவிப்பது என்று பொருள். 'வெடியம்' என்ற தமிழாக்கமும் வெடியுப்பையே நினைவூட்டுகிறது. நல்ல சொல்தான், ஆயினும் தமிழகத்தில் நைட்ரஜனும் இலங்கையில் நைதரசனும் வழக்கில் ஊன்றிவிட்டன.

'ஸ்பீசிஸ்' என்பதை 'இனம்' என்று எழுதினால் வாசகர் விலங்கினத்தையோ தாவர இனத்தையோ நினைப்பார். வேதியியலில் அது மூலக்கூறு, அயனி, தனி உறுப்பு (இணைசேராத எலக்ட்ரான் கொண்ட துகள்) ஆகியவற்றுக்கான பொதுப்பெயர். 'மூலக்கூறுகள்' என்று எழுதி, அயனிகளும் அதில் அடக்கம் என ஒருமுறை குறிப்பிட்டால் போதும்.

உண்மையான சிக்கல் 'ரியாக்டிவ்' என்பதில் இருக்கிறது. எளிதில் வேதிவினையில் இறங்குவது என்பதே அதன் பொருள். எனவே 'வினைமிகு' என்பதே பொருந்தும். 'நச்சு நைட்ரஜன்' என்று எழுதுவது பிழை. ஏன் என்பதை, செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான இழைமணியில் நடப்பதைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். (மைட்டோகாண்ட்ரியா என்ற பெயரை 1898-இல் பெண்டா, இழை, மணி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களிலிருந்து ஆக்கினார். தமிழ் இழைமணி அதற்கு அப்படியே பொருந்துகிறது.)

செல் சுவாசத்தின் கடைசிக் கட்டத்தில் எலக்ட்ரான்கள் இழைமணியின் உட்சவ்வில் உள்ள நொதிக் கூட்டமைப்புகள் வழியே கைமாறி ஆக்சிஜனைச் சேர்கின்றன. ஆக்சிஜனைப் பிடிப்பது நான்காம் கூட்டமைப்பான சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ். வினைமிகு நைட்ரஜன் மூலக்கூறுகளில் முதன்மையான நைட்ரிக் ஆக்சைடு, அதே இடத்தில் அமர்ந்து ஆக்சிஜனோடு போட்டியிடுகிறது. மிகக் குறைந்த செறிவிலேயே சுவாசம் தணிகிறது என்பதை 1994-இல் பல ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே காட்டின. நைட்ரிக் ஆக்சைடு விலகினால் நொதி பழைய வேகத்தை அடைந்துவிடும். இது தளர்த்தக்கூடிய பிரேக் போன்றது. இதே மூலக்கூறு இரத்தக் குழாய்களைத் தளர்த்துவதைக் கண்டறிந்ததற்காகத்தான் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. இதை நச்சு என்று பெயரிட்டு ஒதுக்க முடியுமா?

ஆக்சிஜன் ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாகப் பெறும்போது உண்டாகும் சூப்பர் ஆக்சைடை நைட்ரிக் ஆக்சைடு சந்தித்தால் கதை மாறுகிறது. இரண்டும் தனி உறுப்புகள் என்பதால், சந்தித்த வேகத்திலேயே இணைந்து பெராக்சிநைட்ரைட் ஆகின்றன. இது உண்டாக்கும் சேதம் எளிதில் மீளாது. முதலாம், இரண்டாம் கூட்டமைப்புகளும் செல்லுக்கு ஆற்றலை வழங்கும் மூலக்கூறான ஏடிபியை உருவாக்கும் நொதியும் இதனால் முடங்கலாம். சிட்ரிக் அமிலச் சுழற்சியின் அகோனிடேஸ் நொதியில் இரும்பு-கந்தகத் தொகுதி சிதைகிறது. டைரோசின் அமினோ அமிலத்தில் நைட்ரோ தொகுதி ஏறுகிறது. அதில் எனக்கு மிகவும் கவலை தருவது, சூப்பர் ஆக்சைடை அகற்றும் மாங்கனீசு நொதிக்கு நேர்வதுதான். அதன் 34-ஆவது இடத்து டைரோசினில் நைட்ரோ ஏற்றம் நிகழ்ந்தால் அந்தக் காவல் நொதியே செயலிழக்கிறது. சூப்பர் ஆக்சைடு குவிகிறது. பெராக்சிநைட்ரைட் மேலும் பெருகுகிறது.

இங்கே இன்னொரு சொல்வேறுபாட்டையும் காக்க வேண்டும். 'நைட்ரோ ஏற்றம்' வேறு, 'நைட்ரோசோ ஏற்றம்' வேறு. பின்னது சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகத்தில் நிகழ்வது, பெரும்பாலும் மீளக்கூடியது. ஓர் எழுத்து மாறினால் வேதியியலே மாறிவிடும். இரத்த ஓட்டம் தடைபட்டு மீண்டும் திரும்பும்போது முதலாம் கூட்டமைப்பு திடீரென முழுவேகத்தில் இயங்கினால் தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகும். அந்த நேரத்தில் அதன் ஒரு சிஸ்டீனில் நைட்ரோசோ ஏற்றம் நிகழச் செய்தால், நொதி மெல்ல விழித்தெழுகிறது, இதயத் திசுவில் சேதம் குறைகிறது என்று 2013-இல் எலிகளில் செய்த ஆய்வு காட்டியது. இந்தப் பாதுகாப்பைச் செய்வதும் வினைமிகு நைட்ரஜன்தான்.