கடற்கரை ஊரில் அம்பாசடருக்கு எந்தக் கவர்?

புதுச்சேரியில் வீட்டுக்குள் கார் நிறுத்த இடம் உள்ளவர்கள் குறைவு. முத்தியால்பேட்டை, குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று கடலை ஒட்டிய பகுதிகளில் பெரும்பாலும் தெருவில்தான் வண்டி நிற்கும். கடலூரில் தேவனாம்பட்டினம் பக்கம் போனாலும் இதே நிலைதான். அப்பா காலத்து அம்பாசடரையோ பியட்டையோ விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள், மேலே ஒரு கவரைப் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். சில மாதம் கழித்துக் கவரை எடுத்தால் கதவின் அடிவிளிம்பில் பெயின்ட் கொப்பளித்திருக்கும். கொப்பளத்தை நகத்தால் கீறினால் உள்ளே பழுப்புத் தூள் உதிரும். பல சமயம், கவரே இல்லாமல் வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டியின் தகடு இதைவிடத் தேவலாம் என்றிருக்கும்.

கவர் வாங்கும்போது எல்லோரும் கடைக்காரரிடம் கேட்பது "தண்ணி உள்ளே போகுமா?" என்பதுதான். கடலோரத்தில் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டும்: உள்ளே இருக்கும் ஈரம் எந்த வழியாக வெளியே போகும்?

முதலில் உப்பு. அலை உடைந்து நுரைக்கும்போது குமிழிகள் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்த் துளிகள் காற்றில் ஏறுகின்றன. மதியத்துக்கு மேல் வீசும் கடற்காற்று அவற்றை ஊருக்குள் அள்ளி வருகிறது. கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள் அதிகமாகப் படியும். உள்ளே போகப் போக வேகமாகக் குறையும். கடற்கரைச் சாலையை ஒட்டி நிற்கும் காரும் லாஸ்பேட்டையில் நிற்கும் காரும் ஒரே ஊர்க் கார்கள்தான், ஆனால் துருப்பிடிக்கும் வேகம் ஒன்றல்ல.

உப்பு உலர்ந்து கிடந்தால் பெரிய தொல்லை இல்லை. ஆனால் சோடியம் குளோரைடுக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம்; அதற்கு 33 சதவீதமே போதும். நம் கடற்கரையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் 75-க்கு மேல்தான். ஒரு சொட்டு மழை பெய்யாவிட்டாலும் காரின் மேல் படிந்த உப்பு இரவு முழுவதும் மெல்லிய உப்புநீர்ப் படலமாக இருக்கிறது என்று பொருள்.

அந்தப் படலம் இருந்தால் இரும்பு ஒரு சின்ன மின்கலமாகவே வேலை செய்யத் தொடங்கும். ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுக் கரைகின்றன. பக்கத்து இடத்தில் நீரும் ஆக்சிஜனும் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கின்றன. உப்புநீர் மின்னோட்டத்தை நன்றாகக் கடத்துவதால் இந்தப் பரிமாற்றம் வேகமெடுக்கிறது. இன்றைய கார்களில் துத்தநாகம் பூசிய தகடு பரவலாக வந்துவிட்டது. 1950-களின் கடைசியில் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தொடங்கி 2014 வரை உருவான அம்பாசடரின் பழைய வண்டிகளிலோ, பிரீமியர் பத்மினியிலோ, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டிலோ அந்தக் காப்பு கிடையாது. வெறும் எஃகுத் தகடு, அதன்மேல் பிரைமர், பெயின்ட். அவ்வளவுதான்.

கதவடியில் கண்ட கொப்பளத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பெயின்ட் நீரை முழுக்கத் தடுக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் அது நீர் மூலக்கூறுகளை மெதுவாக உள்ளே விடும், உப்பை விடாது. டிங்கரிங் செய்து பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தபோது தகட்டைச் சரியாகக் கழுவாமல் அடியில் துளி உப்பு தங்கியிருந்தால், மேலே உள்ள நல்ல நீர் அந்த உப்பை நோக்கிப் பெயின்ட் வழியே இறங்கும். பள்ளிக்கூடத்தில் படித்த சவ்வூடு பரவல்தான் இது. உள்ளே சேர்ந்த நீர் பெயின்டைத் தூக்கிக் கொப்பளமாக்குகிறது. வெளிப்பரப்பு எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நீர் இறங்கும். மழை ஒரு மணி நேரத்தில் நின்று, காற்றில் கார் காய்ந்துவிடும். பிளாஸ்டிக் தார்பாய்க்கு அடியில் சிக்கிய ஈரம் நாள்கணக்கில் நிற்கும்.

மழையே படாத காரில் அந்த ஈரம் எங்கிருந்து வந்தது? தரையிலிருந்தும் காற்றிலிருந்தும். 30 டிகிரி வெப்பத்தில், முழு ஈரத்தோடு இருக்கும் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்கும். அதே காற்று 25 டிகிரிக்குக் குளிர்ந்தால் 23 கிராமைத்தான் தாங்கும். மீதி 7 கிராம் பக்கத்தில் இருக்கும் குளிர்ந்த பரப்பில் துளியாகப் படியும். பகலில் கவருக்குள் சூடேறி, மண் தரையின் ஈரம் ஆவியாகி மேலே வந்து நிறைகிறது. இரவில் தெளிந்த வானத்தை நோக்கி வெப்பத்தை வீசிவிட்டு, கவரின் மேற்பரப்பு சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். நீராவி போக வழியில்லாத கவர் என்றால் அதன் உட்புறமே வியர்த்து, துளிகள் காரின் மேல் சொட்டும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்த மாதங்களில் விடியற்காலை ஆறு மணிக்குப் பிளாஸ்டிக் கவரின் ஓரத்தைத் தூக்கி உட்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள், உள்ளங்கை நனைந்துவிடும்.

சரி, மழைத்துளியைத் தடுத்து நீராவியை மட்டும் விடும் துணி எப்படிச் சாத்தியம்? அளவில்தான் விடை இருக்கிறது. மழைத்துளி மில்லிமீட்டர் கணக்கு. தனி நீர் மூலக்கூறோ மில்லிமீட்டரில் முப்பது லட்சத்தில் ஒரு பங்கு அளவே. நல்ல கவர்களில் இரண்டு முரட்டு அடுக்குகளுக்கு நடுவே மிக நுண்ணிய பாலிபுரோப்பிலீன் இழைகளாலான அடுக்கோ, நுண்துளைப் படலமோ இருக்கும். அந்தத் துளைகள் மூலக்கூறுக்கு அகலமான வாசல். துளிக்கு நுழையவே முடியாத இடுக்கு. தவிர, பாலிபுரோப்பிலீன் தண்ணீரோடு ஒட்டாத பொருள். பரப்பு இழுவிசை துளியை உருட்டி வெளியிலேயே நிறுத்திவிடும். உள்ளே நுழைய வேண்டுமானால் துளியை அழுத்தித் தள்ள வேண்டும். இந்த அழுத்தத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

நீராவியை வெளியே தள்ளும் விசை வெயில்தான். 30 டிகிரியில் நீரின் நிறைவு ஆவி அழுத்தம் சுமார் 4.2 கிலோபாஸ்கல், 45 டிகிரியில் 9.6. காலை வெயில் கவரைச் சூடாக்கியதும் உள்ளே அழுத்தம் ஏறி, ஆவி துளைகள் வழியே அழுத்தம் குறைந்த வெளிப்பக்கம் போகிறது. இதே காரணத்தால், ஐப்பசி கார்த்திகையில் வாரக்கணக்கில் வெயில் தலைகாட்டாமல், வெளியிலும் காற்று ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கவரும் ஏறத்தாழ ஓய்ந்துவிடும். அந்த மாதங்களில் வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் பதினொரு மணிக்குக் கவரை எடுத்து, கதவுகளையும் டிக்கியையும் திறந்துவைத்து, மூன்று மணிக்கு மூடுவதற்கு ஈடான வழி எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

கடையில் துணியைச் சோதிக்கச் சிலர் வாயை வைத்து ஊதிப் பார்க்கிறார்கள். அது ஏமாற்றிவிடும். நுண்துளைப் படலத்தில் காற்று வேகமாகப் பாயாது, ஆனால் நீராவி ஊடுருவிப் போகும். துணித் துண்டு கேட்டு வாங்கி வீட்டில் பாருங்கள். எவர்சில்வர் டம்ளரில் பாதி வெந்நீர் ஊற்றி, துண்டை வாயில் இழுத்து ரப்பர் பேண்டு போட்டு, அதற்கு ஒரு விரல்கடை மேலே குளிர்ந்த கண்ணாடித் தட்டைப் பிடியுங்கள். ஓரிரு நிமிடத்தில் தட்டில் மங்கல் படர்ந்தால் துணி ஆவியை விடுகிறது. பிறகு அதே துண்டைக் குழிவாகப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிச் சற்று நேரம் வையுங்கள். அடிப்பக்கம் நனையக் கூடாது. இரண்டிலும் தேறும் துணிதான் வேண்டும். பருத்தித் துணி முதல் சோதனையில் தேறி இரண்டாவதில் தோற்கும். பி.வி.சி. ஷீட் நேர்மாறு, அதோடு அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள்கள் வெயிலில் கசிந்து, பழைய லாக்கர் பெயின்டைப் பிசுபிசுக்கவைக்கும்.

துணி நன்றாக அமைந்தாலும் அளவு தப்பினால் எல்லாம் வீண். இதைத்தான் பலரும் லேசாக விட்டுவிடுகிறார்கள். அம்பாசடரின் நீளம் சுமார் 4.3 மீட்டர், அகலம் 1.7 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, உயரம் 1.6 மீட்டர். "செடான் சைஸ்" என்று கடையில் கிடைக்கும் கவர் நீளத்தில் பொருந்திவிடும். ஆனால் அது தாழ்ந்த பானட்டும் சாய்ந்த முன்கண்ணாடியும் கொண்ட இன்றைய கார்களுக்காக வெட்டியது. அம்பாசடருக்கோ உருண்டு எழும் பானட், கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும் கண்ணாடி, தனித்தனியாகப் புடைத்த மட்கார்டுகள். கூரையிலிருந்து பானட்டுக்குக் கவர் கூடாரம்போல இழுபட்டு நிற்கும். கண்ணாடியின் அடியில் துணிக்குக் கீழே வெற்றிடம். அங்கே மழைநீர் குளம் கட்டும். ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தேங்கினாலும், துளைகள்மேல் அவ்வளவு நீரின் அழுத்தம் ஓயாமல் நிற்கிறது. துளியைத் தடுத்த துணியில் குளம் கசியத் தொடங்குவது இப்படித்தான்.

இழுத்துக் கட்டினால் துணி பள்ளத்தில் படியும் என்று நினைப்பது தவறு. இழுக்க இழுக்க அது பள்ளத்தைத் தாண்டி நேர்கோடாகவே நிற்கும். பக்கத் துண்டுகளைக் காரின் பக்கவாட்டு உருவத்துக்கே வெட்டி, நடுத்துண்டை அதன் விளிம்போடு சேர்த்துத் தைத்தால்தான் அந்த விளிம்பு நடுத்துண்டைப் பள்ளத்துக்குள் இழுத்து உட்காரவைக்கும். சீட் கவரும் தார்பாயும் தைப்பவர்களில் கை தேர்ந்தவர்களுக்கு இது புரியும். வண்டியை அவர்களிடமே கொண்டுபோய் நிறுத்துவது நல்லது. முன்பம்பரின் அடியிலிருந்து பானட், கண்ணாடி, கூரை, டிக்கி வழியாகப் பின்பம்பரின் அடிவரை, வளைவுகளில் ஒட்டியபடி அளவு நாடா ஓட வேண்டும். குறுக்கே பானட்டின் நடுவில் ஒன்று, கூரையின் உச்சியில் ஒன்று, டிக்கியில் ஒன்று. சைடு மிரருக்குத் தனிப் பை வைத்துத் தைக்க வேண்டும், பம்பர் கொம்புகள் குத்தும் இடத்தில் இரட்டைத் துணி வேண்டும். கூரையின் நடுவே தையல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊசித்துளையும் ஒரு கசிவு வாசல்.

தொளதொளவென்று இருக்கும் கவரின் கேடு காற்றில் தெரியும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் தள்ளுவது சுமார் 6 கிலோ எடை. வேகம் இரட்டித்து 72 ஆனால் அது 24 கிலோ. தொங்கலாக இருக்கும் துணி இந்த விசையில் தூக்கி எழுந்து மறுபடி தகட்டில் அறையும். இடையில் இருப்பது தெருப்புழுதியும் கடற்கரை மணலும். மணலில் உள்ள குவார்ட்சு, கண்ணாடியையே கீறும் கடினம் கொண்டது. புதிய கார்களில் நிறத்துக்கு மேல் தெளிந்த பூச்சு ஒன்று உண்டு. கீறல் அதோடு நின்றுவிடும். பழைய ஒற்றைப் பூச்சுப் பெயின்டில் ஒவ்வொரு உரசலும் நிறத்தையே கொஞ்சம் கொண்டுபோகும். மட்கார்டின் முனையிலும் கூரை விளிம்பிலும் பெயின்ட் மங்கி பிரைமர் தெரிகிற வண்டிகளில் பெரும்பாலும் கவர்தான் காரணம். தூசியோடு நிற்கும் காரின் மேல் எந்தக் கவரையும் போடக் கூடாது. நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காய்ந்த பிறகுதான் போட வேண்டும்.

கவரின் கீழ்விளிம்பு சக்கரத்தின் பாதிவரை வந்தால் போதும். தரையைத் தொட்டால் தேங்கிய நீரைத் துணி நுண்புழை ஏற்றத்தால் உறிஞ்சிக் கதவடிக்கே கொண்டுவந்து சேர்க்கும். அந்த இடைவெளியில் புகும் காற்று சூடாகி மேலேறும். கூரைக்குச் சற்றுக் கீழே, வாய் கீழ்நோக்கிய பைபோலத் தைத்த காற்றுத் திறப்புகள் இரண்டு இருந்தால் அந்தக் காற்று ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு வெளியேறும். வண்டி ஓட்டி வந்தவுடன் கவரைப் போட வேண்டாம். பாலிபுரோப்பிலீன் சுமார் 160 டிகிரியில் உருகிவிடும், சூடான சைலன்சரில் ஒட்டிக்கொள்ளும்.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரி 12 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. ஏப்ரல் 21-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 21-ஐ ஒட்டியும் சூரியன் நேர் உச்சியில் வரும். புற ஊதாக் காப்பு சேர்க்காத பாலிபுரோப்பிலீன் இந்த வெயிலில் பொடிப்பொடியாக உதிரும். வெளியடுக்கு பாலியெஸ்டராகவும் வெளிர் நிறமாகவும் இருந்தால் கூடுதல் காலம் வரும்.

புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் கவரைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 140 கி.மீ. வரை போனது. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 90 கிலோ எடை விழும்; எந்த நாடாவும் தாங்காது, அறுந்த கவரின் கொக்கி கண்ணாடியை உடைக்கும். காற்று அடங்கியதும் காரையும் கவரையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கவருக்குச் சோப்புத்தூள் வேண்டாம். அதன் எச்சம் துணியின் நீர் ஒட்டாத தன்மையைக் கெடுத்து, அடுத்த மழையையே உள்ளே விட்டுவிடும்.