வேலை வாங்கித் தருவதற்குத் தொழிலாளரிடம் பணம் கேட்கலாமா? விதி என்ன சொல்கிறது?

ஆள் எடுத்துக் கொடுக்கும் முகமைக்கு யார் பணம் தர வேண்டும்? ஆள் தேவைப்படுகிற முதலாளிதான். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1997இல் ஏற்றுக்கொண்ட 181ஆவது உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு தொழிலாளர் தர வேண்டியதில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ, முழுதாகவோ பகுதியாகவோ, எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது. ஏற்று ஒப்புதல் அளித்த நாடுகளை இது கட்டுப்படுத்தும்.

எது கட்டணம் என்பதில்தான் ஏய்ப்பு நடக்கிறது. ‘கட்டணம் இல்லை, பதிவுச் செலவு மட்டும்தான்’ என்பார் முகவர். இந்த வழியை அடைக்க அதே அமைப்பு 2019இல் ஒரு வரையறையை வெளியிட்டது. வேலை கிடைப்பதற்காகத் தொழிலாளர் செலுத்தும் தொகையை எப்போது, எங்கே, எந்த முறையில் வாங்கினாலும் அது கட்டணமே. முன்பணமாக வாங்காமல் பிறகு சம்பளத்தில் பிடித்தாலும் அப்படித்தான். முதலாளியோ முகமையோ கேட்பதால் ஆகும் மருத்துவப் பரிசோதனை, காப்பீடு, திறன் தேர்வு, பயிற்சி, பயணம், தங்குமிடம், ஆவணங்கள் ஆகியவற்றின் செலவும் தொழிலாளர் தலையில் விழக் கூடாது. லஞ்சம், மிரட்டிப் பறித்த தொகை, மறைமுகக் கமிஷன், பிணைத்தொகை ஆகியவை எந்த நிலையிலும் முறையற்றவை என்று அந்த வரையறை தனியே குறிப்பிடுகிறது.

லஞ்சத்தைத் தனியே குறிப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் தொழிலில் லஞ்சம் பல நேரங்களில் மேலிருந்து தொடங்குகிறது. முதலாளியின் நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரி, ஒப்பந்தம் வேண்டுமானால் தலைக்கு இவ்வளவு என்று முகமையிடம் கேட்கிறார். போட்டிக்கு அஞ்சி முகமை ஒப்புக்கொள்கிறது. அந்தத் தொகையை அது துணை முகவர்களிடம் வசூலிக்கிறது. அவர்கள் தங்கள் பங்கையும் சேர்த்து, வேலை தேடி வந்தவரிடம் கேட்கிறார்கள். அவர் வட்டிக்குக் கடன் வாங்குகிறார். போய்ச் சேர்ந்த இடத்தில் சம்பளம் குறைந்தாலும், வேலை மாறினாலும், கடனை நினைத்து வாயைத் திறக்க மாட்டார். மேலே ஒருவர் சட்டைப் பையில் விழுந்த பணத்தை அவர் மாதக்கணக்கில் உழைத்து அடைக்கிறார். இதை ‘தொழில் வழக்கம்’ என்று கடந்துபோவது எனக்கு ஒப்பவில்லை. நிறுவனத்துக்கும் இதில் நட்டம் உண்டு: திறமை உள்ளவருக்குப் பதில் பணம் கட்டியவர் வந்து சேர்கிறார்.

லஞ்சம் என்றால் அரசு அலுவலகத்தில் மட்டும் நடப்பது என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. 2003இல் ஏற்கப்பட்ட ஐ.நா. ஊழல் தடுப்பு உடன்படிக்கையின் 21ஆம் பிரிவு, தனியார் துறை லஞ்சத்தையும் குற்றமாக்குவது பற்றி நாடுகள் பரிசீலிக்க வேண்டும் என்கிறது. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு லஞ்சச் சட்டம் அதை நேரடியாகவே குற்றமாக்கியிருக்கிறது.

கட்டணம் கூடாது என்ற விதிக்கு விதிவிலக்குகளும் உண்டு. தொழிலாளர், முதலாளி அமைப்புகளைக் கலந்து, தொழிலாளர் நலனுக்காக, குறிப்பிட்ட பிரிவினருக்கோ சேவைக்கோ அரசு கட்டணத்தை அனுமதிக்கலாம். உச்சவரம்பு வைத்து வாங்க அனுமதிக்கும் நாடுகளும் இருக்கின்றன. வரம்பைத் தாண்டினால் அங்கும் அது சட்டமீறல்தான். கப்பல் பணியாளர்களுக்குத் தனி விதி: 2006ஆம் ஆண்டு கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி சட்டம் கோரும் மருத்துவச் சான்றிதழ், கடற்பணிப் புத்தகம், பாஸ்போர்ட் ஆகியவற்றின் செலவை மட்டும் அவர்களிடம் வாங்கலாம். விசாச் செலவு கப்பல் உரிமையாளருடையது.

முகமையைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆள் எடுக்க ஆகும் உண்மைச் செலவைவிடக் குறைந்த விலையையோ, இலவசச் சேவையையோ முகமை முன்வைத்தால், மீதிப் பணம் யாரிடமிருந்து வருகிறது என்று கேட்டாக வேண்டும். வந்து சேர்ந்தவர்களிடம், முகவர் இல்லாத இடத்தில், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று விசாரிக்க வேண்டும். மின்னணுத் துறை நிறுவனங்கள் பல சேர்ந்துள்ள ‘பொறுப்பான வணிகக் கூட்டணி’யின் நடத்தை விதிகளில், அப்படி வாங்கிய பணம் தெரியவந்தால் தொழிலாளருக்கே திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே பணம் கொடுத்துவிட்டவர்கள் ரசீதையும் வங்கிப் பரிமாற்றப் பதிவையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். ரசீது தர மறுத்தால் தேதி, தொகை, வாங்கியவர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள்.