எந்த ஜப்பான் தலைமையகம்?

சென்ற மாதம் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்த சிறுவனின் தந்தை, பிளாஸ்டிக் உறையிலிருந்து மெல்ல உருவி ஒரு கராத்தே பட்டைச் சான்றிதழை என் மேசையில் வைத்தார். கியோகுஷின் என்னும் ஜப்பானிய எழுத்துகள் தூரிகைத் தீற்றலாக அதில் அச்சாகியிருந்தன. "மாஸ்டர், இது நேரா ஜப்பான் தலைமையகத்துலேர்ந்து வந்ததுதானே?" என்றார். "எந்தத் தலைமையகம்?" என்று நான் கேட்டதும் திகைத்துவிட்டார்.

கொரியாவில் பிறந்து டோக்கியோவில் பள்ளி அமைத்த மசுதாத்சு ஒயாமா, முகத்தில் கைக்குத்து விடுவதை விலக்கி, கையுறையின்றி முழு வேகத்தில் மோதும் கியோகுஷின் கராத்தே முறையை வகுத்து, 1964இல் அதற்கொரு உலகத் தலைமையகத்தையும் நிறுவினார். அவர் காலத்திலேயே ஹிதேயுகி அஷிஹாரா போன்ற மூத்தவர்கள் விலகித் தனிப் பள்ளி கண்டார்கள் என்றாலும், கியோகுஷின் சான்றிதழுக்கு ஒரே தலைமைதான் இருந்தது. 1994 ஏப்ரல் 26 அன்று அவர் புற்றுநோயால் இறந்தபின், மருத்துவமனைப் படுக்கையில் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டதாகக் கூறப்பட்ட உயிலின்படி, 1987ஆம் ஆண்டின் உலக வாகையர் ஷோகேய் மட்சுய் 31 வயதில் தலைவரானார். குடும்பத்தார் எதிர்த்தனர், நீதிமன்றமும் அந்த உயிலை ஏற்கவில்லை. மூத்த ஆசிரியர்கள் பலர் பிரிந்தனர். மட்சுயின் அமைப்பு தொடர்ந்தது. 1991இன் வாகையர் கென்ஜி மிதோரி சார்ந்த பிரிவு 2003இல் ஷின்கியோகுஷின் எனப் பெயர் சூட்டிக்கொண்டது. ஒயாமாவின் மகளும் தனியாக ஓர் அமைப்பை நடத்துகிறார்.

ஜூடோவின் தாய்ப்பள்ளியான கோடோகான் இப்படிச் சிதறவில்லை. ஜிகோரோ கானோ 1882இல் தொடங்கிய அது 1909இலேயே சட்டப்படி அறக்கட்டளையாகிவிட்டதால், 1938இல் அவர் இறந்தபின் சகோதரி மகன் நாங்கோ, பின் தன் மகன், பேரன் என்று கைமாறி, 2009இல் குடும்பத்துக்கு வெளியே ஹாருகி உயெமுராவிடம் தலைமை சென்றபோதும் பள்ளி ஒன்றாகவே நின்றது. ஒயாமாவின் பள்ளியோ, என் பார்வையில், அவர் ஒருவரின் ஆளுமையையே தூணாகக் கொண்டிருந்தது.

ஆகவே சான்றிதழில் கலையின் பெயரை மட்டும் பார்க்காமல், அமைப்பின் முழுப்பெயர், கையொப்பமிட்டவர், பதிவு எண் ஆகிய மூன்றையும் பாருங்கள். ஒரு பிரிவின் டான் எனப்படும் கறுப்புப் பட்டைத் தகுதியை இன்னொன்று தானாக ஏற்கும் என்று எண்ண வேண்டாம். கறுப்புப் பட்டைத் தேர்வுக்குப் பணம் கட்டுமுன், அந்த எண் எந்த அலுவலகத்தில் பதிவாகும் என்று ஆசிரியரிடம் கேட்டுவிடலாம். கேட்பதை நாங்கள் யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ளவும் கூடாது. அந்தச் சிறுவனின் சான்றிதழ் போலி அல்ல. பதிவு எண்ணுக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது.