மயக்கம் நின்றது, நாடி ஏன் ஏறியது?

சிங்கப்பூரில் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் புறப்பட்டு டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போகும் வரிசையில், விரதமும் வெயிலும் சேர்ந்து ஒருவரைச் சட்டென்று சரித்துவிடுவதுண்டு. நெடுநேரம் நின்றதில் கால் நாளங்களில் ரத்தம் தேங்கி, இதயத்துக்குத் திரும்புவது குறைகிறது. அப்போது மூளைத்தண்டு, செய்ய வேண்டியதற்கு நேர்மாறாக, வேகஸ் நரம்பு வழியே இதயத்தை மெதுவாக்கி, ரத்தக் குழாய்களையும் தளர்த்திவிடுகிறது. பெரும்பாலோருக்குத் தண்ணீர், உப்பு, தலைசுற்றும்போதே கால்களை உயர்த்திப் படுப்பது ஆகியவையே போதும். சிலருக்கோ துடிப்பு பல வினாடிகள் நின்றேவிடுகிறது. முன்னறிகுறி இல்லாமல் விழுந்து மண்டையில் அடிபடுகிறது. இவர்களுக்காக வந்ததுதான் கார்டியோநியூரோஅப்லேஷன், அதாவது இதயத்திலுள்ள வேகஸ் நரம்பணுக்களைச் சுட்டு அழிக்கும் சிகிச்சை. பிரேசிலில் பச்சோன் குழுவினர் இதை 2005இல் வெளியிட்டார்கள்.

இதயத்தின் மேலறைகளை ஒட்டிய கொழுப்புத் திட்டுகளில் நரம்பு முடிச்சுகள் இருக்கின்றன. வேகஸின் கடைசி நரம்பணுக்கள் குடியிருப்பது அங்கேதான். துடிப்பைக் கூட்டும் சிம்பதெடிக் நரம்பணுக்களோ தொலைவில், முதுகெலும்போரம் உள்ளன. இதயத்துக்கு வருவது அவற்றின் இழைகள் மட்டுமே. சுட்டால் இழை மீண்டும் வளரும், அணு எளிதில் மீளாது. ஆகவே பிரேக் போய்விடும், ஆக்சிலரேட்டர் தங்கிவிடும்.

தொடைச் சிரை வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் ஏறுகிறது. மேலறைகளுக்கு நடுவிலுள்ள தடுப்பைத் துளைத்து இடது மேலறைக்குள் நுழைந்து, ரேடியோ அலை வெப்பத்தால் இரண்டு முக்கிய இடங்களைச் சுடுகிறார்கள். வலது மேல் நுரையீரல் சிரையருகே உள்ள முடிச்சு பெரும்பாலும் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவை ஆள்கிறது. கரோனரி சைனஸ் என்ற இதயச் சிரையின் வாயருகே, கீழ்ப்பக்கம் உள்ளது, மின்துடிப்பைக் கீழறைக்குக் கடத்தும் ஏவி கணுவை ஆள்கிறது. முதலாவதை மட்டும் சுட்டுவிட்டு நிறுத்தினால், மேலறை துடித்துக்கொண்டிருக்கும்போதே மின்துடிப்பு கீழறைக்கு இறங்காமல் மயக்கம் திரும்பக்கூடும். அதனால்தான் கழுத்துச் சிரையில் மின்முனை வைத்து வேகஸைத் தூண்டிப் பார்க்கிறார்கள். சுடுவதற்கு முன் இந்தத் தூண்டலில் துடிப்பு நின்றுபோகும். சுட்ட பிறகு அதே தூண்டலுக்குத் துடிப்பு மாறக் கூடாது.

போலந்தில் 48 பேரை இரு பிரிவாக்கிச் செய்த சோதனையில், 2 ஆண்டுகளில் சிகிச்சை பெற்ற 24 பேரில் 2 பேருக்கும் பெறாத 24 பேரில் 13 பேருக்கும் மயக்கம் திரும்பியது. நல்ல பலன்தான், ஆனால் சிறிய சோதனை.

இனி நாடி. இரு நரம்புகளின் பிடியும் இல்லாத இதயத்தின் சொந்த வேகம் ஏறக்குறைய 118.1 கழித்தல் வயதின் 0.57 மடங்கு. 30 வயதுக்கு அது 101. ஓய்வில் நமக்கு 65 இருப்பதே வேகஸின் வேலை. எனவே சிகிச்சைக்குப் பின் கைக்கடிகாரம் ஓய்விலும் 80, 90 என்று காட்டினால் அது எதிர்பார்த்ததே. ஓய்விலேயே 100க்கு மேல் நீடித்துப் படபடப்பும் வந்தால், ஹோல்ட்டர் பதிவோடு (உடலில் மாட்டிக்கொண்டு நாள் முழுதும் எடுக்கும் இசிஜி) ரத்தசோகை, தைராய்டு, நீர்ச்சத்துக் குறைவு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். தேவையானால் நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் அல்லது ஐவாபிராடின் தருவார்கள்.

இசிஜி படிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. கீழறைகள் மின்னேறி மீண்டும் அடங்க எடுக்கும் நேரமே க்யூடி இடைவெளி; அது மிக நீண்டால் ஆபத்தான கீழறைத் துடிப்பு வரலாம். நாடி 95, க்யூடி இடைவெளி 380 மில்லிவினாடி என்று வையுங்கள். இயந்திரங்கள் வழக்கமாகப் போடும் பாசெட் சூத்திரப்படி, நாடி வேகத்துக்கேற்பத் திருத்திய க்யூடி 478, பார்த்தாலே பயம். ஃப்ரிடரீசியா சூத்திரப்படி 443தான். பாசெட் கணக்கு வேகமான நாடியில் மிகையாகத் திருத்துகிறது. எந்தச் சூத்திரம் என்று கேட்காமல் மருந்தை மாற்றுவது தவறு.

அதற்காகக் கீழறைப் பயத்தை ஒதுக்கிவிட முடியாது. ரத்தவோட்டம் குறைந்த இதயத்தில் ஆபத்தான கீழறைத் துடிப்புகளை வேகஸ் ஓரளவு அடக்குகிறது. முடிச்சுகளை அழித்தபோது அவை கூடியதை விலங்குச் சோதனைகள் காட்டியுள்ளன. மாரடைப்புத் தழும்போ பரம்பரை நீள்க்யூடியோ உள்ளவருக்கு இந்தச் சிகிச்சையை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. எக்கோவும் (இதய அல்ட்ராசவுண்ட்) இசிஜியும் முன்கூட்டியே பார்த்தாக வேண்டும்.

முதல் சில மணிநேரத்தில், ஏன் சில நாள் கழித்தும்கூட, நாடி ஏறி ரத்த அழுத்தம் இறங்கி நெஞ்சு அழுத்தினால், இதய உறைக்குள் ரத்தம் சேர்ந்திருக்கலாம். உடனே 995இல் ஆம்புலன்ஸை அழையுங்கள். பேச்சுக் குழறல், ஒரு பக்கம் தளர்வு வந்தாலும் அப்படியே. சில வாரம் கழித்துக் காய்ச்சலோடு விழுங்க வலித்தால், இடது மேலறையைச் சுட்டதை அவசரப் பிரிவில் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். உணவுக்குழாயில் துளை விழுந்திருக்கலாம். அரிதானது, ஆனால் உயிரைப் பறிக்கும். அப்போது சிடி ஸ்கேன்தான் முதலில். எண்டோஸ்கோப்பியில் ஊதும் காற்று இதயத்துக்குள் போய்விடும். உறைவுத் தடுப்பு மாத்திரையைச் சொன்ன காலம் வரை விடாதீர்கள்.

ரத்தக் குழாய் தளர்வதை இந்தச் சிகிச்சை தொடுவதில்லை. துடிப்பு நிற்காமலேயே அழுத்தம் விழுந்து மயங்குவது தொடரலாம். தண்ணீரும் உப்பும் அப்போதும் வேண்டும். மாதங்கள் போகப் போக நரம்பு ஓரளவு மீளவும் செய்யும். ஓய்வு நாடி பழைய 65ஐ நோக்கி இறங்கி மயக்கமும் திரும்பினால் மறுபரிசோதனைக்கு நேரம்.

இன்னொன்று: வேகஸின் பிடியை விடுவித்துத்தான் அட்ரோபின் நாடியை ஏற்றுகிறது. அந்தப் பிடியே இல்லாத இதயத்தில் அந்த ஊசி அதிகம் வேலை செய்யாது. வேறு எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருந்து நிபுணரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், நாடி இறங்கும்போது அட்ரோபினை மட்டும் நம்பியிராமல் வேறு மருந்தைத் தயாராக வைத்திருப்பார்.